சல்லடையின் கண் எவ்வளவு? மின்னஞ்சல் வடிகட்டிகள்: வாசகர் கேள்வி – பதில்

மின்னஞ்சல் பெட்டிக்கு வடிகட்டி (வரும் மடல்களை நாம் சொல்லும் விதிப்படி தானாகப் பிரிக்கும் ஏற்பாடு) போட்டுக்கொள்ளாதவர்கள் காலை நேரத்தைக் குப்பை பொறுக்குவதிலேயே கழிக்கிறார்கள் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெரும்பாலோர் ஜிமெயிலை ஆங்கிலத்திலேயே வைத்திருப்பதால், பொத்தான்களின் பெயர்களைத் திரையில் காணும் ஒலிப்பிலேயே கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: எங்களுடையது சிறிய பனியன் கம்பெனி. ஆர்டர் சம்பந்தமான எல்லாமே ஒரே இலவச ஜிமெயில் முகவரிக்குத்தான் வருகின்றன. பிரிண்டிங் யூனிட் அனுப்பும் ஆர்ட்ஒர்க், பையர் (சரக்கு வாங்கும் நிறுவனம்) அனுப்பும் டெக் பேக் (ஆடையின் அளவு, தையல் விவரங்கள் அடங்கிய கோப்பு), நூல் விற்பவர், பொத்தான் விற்பவர், கண்காட்சிக்கு அழைப்பவர் என்று குவிந்துகொண்டே போய், சென்ற மாதம் பெட்டி நிரம்பிவிட்டது. பையர் அனுப்பிய பர்ச்சேஸ் ஆர்டர் அவருக்கே திரும்பிப் போனது. 10 எம்.பி.க்கு மேற்பட்ட மடல் உள்ளேயே வராதபடி வடிகட்டி போட முடியுமா?
— மெர்ச்சண்டைசர் (ஆர்டர்களைக் கவனிப்பவர்) ஒருவர், திருப்பூர்

பதில்: ஜிமெயிலில் அது முடியாது. வடிகட்டி வேலை செய்யத் தொடங்குவதே மடல் உங்கள் கணக்குக்குள் வந்து சேர்ந்த பிறகுதான். 50 எம்.பி. வரையுள்ள மடலை ஜிமெயில் வாங்கிக்கொள்ளும். அந்த வரம்பைக் குறைக்க உங்களுக்கு வழியில்லை. வந்த பெரிய மடலை வடிகட்டி நேரே ட்ரேஷுக்கு (அழித்த மடல்கள் கிடக்கும் குப்பைக்கூடைக்கு) அனுப்பினாலும், அங்கே கிடக்கும் 30 நாளும் அது உங்கள் இடத்தைத்தான் அடைத்துக்கொண்டிருக்கும். ஆகவே, வடிகட்டி போட்டால் இடம் மிச்சமாகும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். எது பெரியது, எது யாருடையது என்று இனம் பிரித்துக் காட்டத்தான் அது உதவும்.

இடம் எங்கே போனது என்று பார்த்தீர்களா? இலவசக் கணக்கில் கிடைக்கும் 15 ஜி.பி. மடல்களுக்கு மட்டுமானதல்ல, கூகுள் டிரைவில் வைத்த கோப்புகளும் கூகுள் போட்டோஸில் ஏறும் படங்களும் அதே 15 ஜி.பி.யில்தான் அடங்க வேண்டும். கம்பெனி முகவரியையே முதலாளி தம் கைப்பேசியிலும் போட்டு வைத்திருப்பதும், அந்தப் பேசி எடுக்கும் ஒவ்வொரு படமும் வீடியோவும் ஆளறியாமல் அந்தக் கணக்கில் ஏறிக்கொண்டிருப்பதும் நம் ஊரில் சகஜம். வீட்டு விசேஷத்தின் வீடியோக்கள் பத்து ஜி.பி.யைப் பிடித்துக்கொண்டிருக்க, மெர்ச்சண்டைசர் உட்கார்ந்து இரண்டு எம்.பி. மடலாகத் தேடி அழித்துக்கொண்டிருப்பதை நானே ஓர் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். கணக்கின் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்தால் மூன்றும் எவ்வளவு எடுத்திருக்கின்றன என்பது தனித்தனியே தெரியும். முதலில் அதைப் பாருங்கள்.

இனி வடிகட்டிக்கு வருவோம். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, தேடல் கட்டத்தின் வலது ஓரத்தில் உள்ள சிறு குறியைச் சொடுக்கினால் ஒரு படிவம் விரியும். அதில் 'சைஸ்' என்ற வரியில் 'கிரேட்டர் தேன்' என்பதைத் தேர்ந்து, 10 என்று எழுதி, 'எம்.பி.' என்பதை வைத்துக்கொள்ளுங்கள். உடனே வடிகட்டியை உருவாக்கிவிடாமல் 'சர்ச்' பொத்தானை அழுத்திப் பார்ப்பது நல்லது. ஏனென்றால், நீங்கள் போட நினைக்கும் வடிகட்டியில் இதுவரை வந்த மடல்களில் எவையெல்லாம் மாட்டும் என்பதை அந்தத் தேடலே வரிசையாகக் காட்டிவிடும். உங்கள் விஷயத்தில் அந்த வரிசையில் முதலில் நிற்பது பையரின் டெக் பேக்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பெரிய மடலெல்லாம் வேண்டாத மடல் என்றால் திருப்பூரில் யாரும் ஒரு ஷிப்மெண்ட்கூட அனுப்ப முடியாது.

அதனால் 'டெலீட் இட்' என்பதைத் தொடவே தொடாதீர்கள். 'கிரியேட் ஃபில்டர்' அழுத்திய பின் வரும் பட்டியலில் 'அப்ளை தி லேபிள்' என்பதை மட்டும் தேர்ந்து, 'பெரியது' என்று ஒரு லேபிள் (மடலின் மேல் ஒட்டும் பெயர்ச்சீட்டு) வைத்துக்கொண்டால் போதும். கீழே, பொருந்தும் பழைய மடல்களுக்கும் இதைச் செய்யட்டுமா என்று கேட்கும் கட்டத்திலும் டிக் போட்டுவிடுங்கள். மாதம் ஒருமுறை, சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்த ஓய்வில், அந்த லேபிளைத் திறந்து, ஷிப்மெண்ட் முடிந்து பணமும் வந்துவிட்ட ஆர்டர்களின் கோப்புகளை ஹார்ட் டிஸ்கில் இறக்கிக்கொண்டு, மடல்களை அழித்து, ட்ரேஷையும் கையோடு காலி செய்யுங்கள். ட்ரேஷைக் காலி செய்ய மறந்தால் செய்த வேலையின் பலன் ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும்.

இரண்டாவது வடிகட்டி பையருக்கானது. 'ஃப்ரம்' கட்டத்தில் ஒருவருடைய முழு முகவரியை எழுதாமல், அட் குறிக்குப் பின்னால் வரும் கம்பெனிப் பெயரை மட்டும் எழுதுங்கள். பையர் அலுவலகத்தில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். நேற்றுவரை எழுதியவர் விலகி, புதியவர் அனுப்பும் முதல் மடலே லேப் டிப் (சாய நிற மாதிரி) ஒப்புதலாக இருக்கக்கூடும். இந்த வடிகட்டிக்கு 'நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்' என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பிரிண்டிங் யூனிட்டுக்கு வடிகட்டியைவிட ஒரு போன் நல்ல மருந்து. மடலோடு இணைக்கப்படும் கோப்பு, வழிப்பயணத்துக்காக வெறும் எழுத்துகளாக மாற்றப்படுகிறது. மூன்று பைட் நான்கு எழுத்தாகிவிடுவதால், 18 எம்.பி. ஆர்ட்ஒர்க் மடலில் ஏறியதும் ஏறக்குறைய 24 எம்.பி. ஆகிவிடும். அதைத் தங்கள் டிரைவில் வைத்து இணைப்பை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பெட்டியில் அது சில கே.பி.யோடு முடிந்துவிடும்.

கேள்வி: விளம்பர மடல்களின் தொல்லை தாங்காமல், 'ஆஃபர்' என்ற ஆங்கிலச் சொல் வரும் எல்லா மடலையும் அழிக்கும்படி மகனின் கணக்கில் நானே வடிகட்டி போட்டேன். அவன் பொறியியல் கடைசி ஆண்டு படிக்கிறான். கல்லூரி வளாகத் தேர்வில் வேலை கிடைத்தும் கடிதம் வரவில்லையே என்று மூன்று வாரம் காத்திருந்தோம். வந்த 'ஆஃபர் லெட்டர்' ட்ரேஷில் கிடந்தது. இனி என்ன செய்வது?
— ஒரு தந்தை, பெருந்துறை

பதில்: மூன்று வாரத்தில் பார்த்தீர்களே, அதுவரைக்கும் நல்லது. இன்னும் பத்து நாள் போயிருந்தால் 30 நாள் கெடு முடிந்து அது ட்ரேஷிலிருந்தும் போயிருக்கும்.

மஞ்சள் மண்டிக்குப் போய் வருபவர்களுக்குத் தெரியும்: விரலியையும் கிழங்கையும் ஆள் வைத்துப் பார்த்துத்தான் பிரிப்பார்கள், எடையை மட்டும் வைத்தோ நிறத்தை மட்டும் வைத்தோ பிரிப்பதில்லை. ஒரே ஒரு சொல்லை வைத்து மடலைப் பிரித்தால், அந்தச் சொல் தலைப்பில் இருந்தாலும் மடலின் பதினைந்தாவது வரியில் இருந்தாலும் வடிகட்டிக்கு ஒன்றுதான். 'ஆஃபர்' என்பது துணிக்கடையும் எழுதும் சொல், வேலை கொடுப்பவரும் எழுதும் சொல்.

விளம்பரத்தைப் பிடிக்க அதைவிட நம்பகமான அடையாளம் மடலின் அடிப்பகுதியில் இருக்கிறது. மொத்தமாக அனுப்பப்படும் மடல்களில் 'அன்சப்ஸ்கிரைப்' என்ற சொல் அநேகமாக இருந்தே தீரும். ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்புவோர், தங்கள் விளம்பர மடல்களிலிருந்து ஒரே சொடுக்கில் விலகிக்கொள்ள வழி வைக்க வேண்டும் என்று 2024இல் கூகுள் விதித்த பிறகு, அறிமுகமுள்ள கடைகளின் மடல்களில் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்திலேயே அந்தப் பொத்தான் தெரிகிறது. அவன் எப்போதோ பொருள் வாங்கிய கடைகளுக்கு முதலில் அதை அழுத்திவிடுங்கள். வடிகட்டியே தேவைப்படாமல் பாதித் தொல்லை தீரும்.

மிச்சத்துக்கு, 'ஹேஸ் தி வேர்ட்ஸ்' கட்டத்தில் அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதி, 'ஸ்கிப் தி இன்பாக்ஸ்', 'அப்ளை தி லேபிள்' இரண்டையும் தேர்ந்து, 'விளம்பரம்' என்ற லேபிளுக்குள் ஒதுக்குங்கள். அழிக்கச் சொல்லாதீர்கள், ஏனென்றால் வேலைவாய்ப்புத் தளங்களின் மடல்களிலும் இதே சொல் இருக்கும். 'டஸின்ட் ஹேவ்' கட்டத்தில் கல்லூரியின் பெயரை எழுதிவிட்டால், அந்தப் பெயர் வரும் மடல்கள் ஒதுங்காமல் இன்பாக்ஸுக்கே வரும். இரண்டு வாரம் தினமும் அந்த லேபிளை ஒருமுறை திறந்து பாருங்கள். தவறாக மாட்டியது ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். பையன் வேலையில் சேரும்வரை அந்தக் கணக்கை அவன் கையிலேயே விட்டுவிடுவதும் ஒரு யோசனைதான்.

கேள்வி: பம்புக்கு வார்ப்படம் செய்து கொடுக்கும் பட்டறை எங்களுடையது. சொந்த டொமைனில் (கம்பெனிப் பெயரிலான இணைய முகவரியில்) மடல் வைத்திருக்கிறோம். அலுவலகக் கணினியில் அவுட்லுக் என்ற மடல் மென்பொருளில் போட்ட விதிகள் அங்கே ஒழுங்காக வேலை செய்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் பார்த்தால் எல்லா மடலும் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. அது போக, வாடிக்கையாளர் அனுப்பும் சில டிராயிங்குகள் வந்து சேருவதே இல்லை.
— கோயம்புத்தூர் வாசகர்

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். அவுட்லுக்கில் சில விதிகள் சர்வரிலேயே (மடல்களை வாங்கி வைத்திருக்கும் தொலைக் கணினியிலேயே) இயங்கும். சில, அந்தக் கணினி ஓடிக்கொண்டு அவுட்லுக் திறந்திருந்தால் மட்டுமே இயங்கும். மடலைக் கணினியின் உள்ளே இருக்கும் ஒரு ஃபோல்டருக்கு நகர்த்தும் விதி இரண்டாம் வகை. சனிக்கிழமை மாலை கணினியை அணைத்ததும் விதியும் தூங்கிவிடுகிறது. திங்கள் காலை அது விழித்து மடலைக் கணினிக்குள் இழுத்துக்கொண்டதும், கைப்பேசியிலிருந்து அந்த மடல் மறைந்துவிடுகிறது. உங்கள் டொமைனை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் மடல் வடிகட்டி என்று ஒரு பகுதி இருக்கும். விதிகளை அங்கே மாற்றி எழுதினால் எந்தக் கருவியில் திறந்தாலும் பிரித்தே காட்டும்.

டிராயிங் வராததற்குக் காரணம் பெரும்பாலும் சர்வரின் அளவு வரம்பு. திருப்பூர் வாசகர் கேட்டாரே, பெரிய மடலை வாசலிலேயே தடுக்க முடியுமா என்று. சொந்த சர்வரில் அது முடியும், சொல்லாமலே நடந்தும்விடும். மடல் கொண்டுவரும் சர்வர் அதன் அளவை முன்கூட்டியே சொல்ல, வாங்கும் சர்வர் தன் வரம்பைச் சொல்லி மறுத்துவிடும் ஏற்பாடு 1990களிலிருந்தே அஞ்சல் நெறிமுறையில் இருக்கிறது. பல இடங்களில் ஓடும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் மென்பொருளில் யாரும் தொடாவிட்டால் இந்த வரம்பு 1,02,40,000 பைட். அதாவது சுமார் 10 எம்.பி. கோப்பு எழுத்தாக மாறும்போது மூன்றில் ஒரு பங்கு பருப்பதைக் கணக்கில் கொண்டால், 8 எம்.பி. டிராயிங்கே அதில் நுழையாது. மறுப்புச் செய்தி அனுப்பியவருக்குத்தான் போகும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. வரம்பை 25 எம்.பி.க்கு உயர்த்தித் தரச் சொல்லி ஹோஸ்டிங்காரரிடம் கேளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு பையர் எங்களுக்குத் தர வேண்டிய பணத்தை வேறு ஏதோ கணக்குக்கு அனுப்பிவிட்டார். கணக்கு எண் மாறியதாக எங்கள் முகவரியிலிருந்தே மடல் வந்தது என்கிறார். அவர் விசாரித்து எழுதிய மடல்கள் எதுவும் எங்கள் இன்பாக்ஸில் இல்லை. ஸ்பேமிலும் இல்லை. பாஸ்வேர்டை மாற்றிவிட்டோம். போதுமா?
— வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதியாளர், கரூர்

பதில்: போதாது. மற்றவர்கள் குப்பையைத் தள்ளப் பயன்படுத்தும் அதே வடிகட்டியை, உள்ளே புகுந்த திருடர் உங்கள் கண்ணை மறைக்கப் பயன்படுத்தியிருக்க வாய்ப்பு மிகுதி. அந்த பையரின் பெயரையோ 'பேமெண்ட்', 'இன்வாய்ஸ்' போன்ற சொற்களையோ கொடுத்து, அத்தகைய மடல்களை இன்பாக்ஸில் காட்டாமல் ஒதுக்கவோ அழிக்கவோ வேறு முகவரிக்கு அனுப்பவோ ஒரு வடிகட்டி போட்டுவிட்டால், நீங்கள் நாள் முழுக்கப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாலும் ஒன்றும் தெரியாது. பாஸ்வேர்டை மாற்றுவதால் அந்த வடிகட்டி போய்விடாது.

செட்டிங்ஸில் 'ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்ட் அட்ரஸஸ்' பக்கத்தையும், அதற்கடுத்த ஃபார்வர்டிங் பக்கத்தையும் இன்றே திறங்கள். நீங்கள் போடாத எதுவாக இருந்தாலும், அழிப்பதற்கு முன் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காவல் துறைக்கு அது வேண்டும். 'ஆல் மெயில்', 'ட்ரேஷ்' இரண்டிலும் காணாமற்போன மடல்களைத் தேடுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு அடையாளத்தையும் கேட்கும் ஏற்பாட்டை) இயக்குங்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். பணம் அனுப்பிய வங்கியிடம் பையர் சொல்வதும் அதே அளவு அவசரம்.

கேள்வி: வேண்டாத மடல்களுக்கு 'இனி அனுப்பாதீர்கள்' என்று பதில் எழுதி வருகிறேன். குறைந்தபாடில்லை.
— காங்கேயம் வாசகர்

பதில்: எழுதாதீர்கள். அனுப்புநர் முகவரி பெரும்பாலும் பொய். உண்மையாக இருந்தால், இங்கே ஒருவர் மடலைப் படித்துப் பதிலும் போடுகிறார் என்று அவருக்கு நீங்களே தெரிவித்ததாகிவிடும். 'ரிப்போர்ட் ஸ்பேம்' போதும். 1978 மே மாதத்தில் ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பியதுதான் இந்த வகையில் முதல் மடல் என்பார்கள். அன்று எழுந்த கண்டனத்துக்கும் பலன் இருந்ததாகத் தெரியவில்லை.

கேள்வி: லாரி புக்கிங் ஆபீஸில் கணினி கிடையாது. கைப்பேசியிலேயே வடிகட்டி போட முடியுமா?
— நாமக்கல் வாசகர்

பதில்: ஜிமெயில் செயலிக்குள் வடிகட்டி உருவாக்கும் வசதி இல்லை. கைப்பேசியின் குரோமில் ஜிமெயிலைத் திறந்து, மெனுவில் 'டெஸ்க்டாப் சைட்' என்பதைத் தேர்ந்தால் கணினியில் வரும் பக்கமே வரும். எழுத்து பொடியாக இருக்கும், விரலால் பெரிதாக்கித்தான் தொட வேண்டும். பொறுமை இல்லையென்றால் பக்கத்து பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரம் உட்கார்ந்து போட்டுவிடலாம். ஒருமுறை போட்ட வடிகட்டி கைப்பேசியிலும் தானாக வேலை செய்யும். எழுந்து வருமுன் அந்தக் கணினியில் 'சைன் அவுட்' செய்ய மறக்க வேண்டாம்.