கப்சாயை வளைவில் எத்தனை டிகிரி வரை சாய்க்கலாம்?

பினாங்கு ரெலாவிலிருந்து ஜாலான் துன் சர்டோன் மலைப்பாதையில் கப்சாயில், அதாவது சின்ன கியர் மோட்டார் சைக்கிளில், தினமும் போவதாகவும், நண்பர்கள் எல்லாம் நன்றாகச் சாய்த்து எடுக்கும்போது உங்களுக்கு மட்டும் பயமாக இருப்பதாகவும், எத்தனை டிகிரி வரை சாய்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு பாலிக் புலாவில் வீடு, பாயான் லெப்பாஸில் வேலை. பதினொரு வருடமாக அதே மலையை ஏறி இறங்கித்தான் ஷிப்ட்டுக்குப் போய் வருகிறேன். உங்கள் பயம் நல்ல பயம் தம்பி, முதலில் அதை விட்டுவிடாதீர்கள்.

டிகிரிக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சாய்வு நம் விருப்பத்தில் இல்லை. வளைவு எவ்வளவு இறுக்கமானது, எந்த வேகத்தில் நுழைகிறோம், இந்த இரண்டும் சேர்ந்து அதை முடிவு செய்துவிடுகின்றன. 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறக்குறைய 23 டிகிரி சாய வேண்டும். 50 என்றால் 33. 60 என்றால் 43. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, சாய்வு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது. வண்டி கனமா லேசா, பின்னால் ஆள் இருக்கிறாரா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. டயரின் அகலத்தால் மட்டும் இன்னும் கொஞ்சம் கூடும்.

காய்ந்த தார் சாலையில் டயரின் பிடிப்பை 1 என்று வைத்துக்கொண்டால் அது 45 டிகிரி வரை தாங்கும். மழையில் பிடிப்பு பாதியானால் 27 டிகிரியோடு சரி. காலையில் 50இல் சுகமாக எடுத்த வளைவு, சாயங்கால மழையில் அதே 50இல் ஆளைக் கீழே போட்டுவிடும். செப்பாங் பந்தயத் தடத்தில் மோட்டோஜிபி மோட்டார் சைக்கிள் வீரர்கள் 60 டிகிரிக்கு மேல் சாய்வதைப் பார்த்து ஆசைப்படுகிறோம். அவர்களுடைய டயர் சூடேற்றிக் கொண்டுவந்த மென்மையான ரப்பர். எதிரே லோரி வராது. நம் கப்சாயில் கால் வைக்கும் கம்பி பெரும்பாலும் மடங்காத இரும்பு. அது தரையில் ஊன்றினால் பின் சக்கரத்தைத் தூக்கிவிடும்.

நான் விழுந்த கதையையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், மழை விட்டு அரை மணி நேரம் இருக்கும். பாலிக் புலாவ் பக்கம் இறங்கும்போது ஓர் இடது வளைவு. நுழைந்த பிறகுதான் வேகம் அதிகம் என்று தெரிந்தது. எதிரே டுரியான் லோரி. கண் லோரியிலேயே ஒட்டிக்கொண்டது, கை தானாக முன் பிரேக்கைப் பிடித்தது. முன் சக்கரம் வழுக்கி, வண்டியும் நானும் எதிர்த்தடத்துக்குள் போய்க் கிடந்தோம். லோரிக்காரர் எப்படியோ நிறுத்திவிட்டார். அவரே இறங்கி வந்து என்னைத் தூக்கி ஓரமாக உட்காரவைத்தார். அந்த மனிதருக்கு நான் இன்றுவரை கடன்பட்டவன்.

டயரின் பிடிப்பு மாதச் சம்பளம் மாதிரி. வளைவதற்கே பெரும்பகுதி செலவாகிவிட்டால் பிரேக்குக்கு மிச்சம் இருக்காது. அன்றைக்கு எனக்கு இது தெரியாது.

அடுத்த வாரம் பெரியப்பா என்னை அதே வளைவுக்குக் கூட்டிப் போய் ஓரமாக நடக்க வைத்தார். பத்து தடவை ஓட்டினாலும் தெரியாதது ஒரு தடவை நடந்தால் தெரியும் என்றார். உள்ளோரத்தில் மழை அடித்துக்கொண்டு வந்த மணல், மரநிழலில் காயாத பச்சைப்பாசி, லோரி டயர்கள் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவைத்த தார். நான் குறுக்கே வெட்டி எடுத்துக்கொண்டிருந்தது சரியாக அந்த மணல் மேல்தான்.

இப்போது நான் செய்வது இதுதான். பிரேக், கியர் எல்லாம் வண்டி நிமிர்ந்திருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். கப்சாயில் கியர் குறைத்ததும் பெடலை டக்கென்று விட்டால் பின் சக்கரம் ஒரு வெட்டு வெட்டும், அதனால் காலை மெதுவாக எடுங்கள். வளைவுக்குள் திராட்டலை லேசாகப் பிடித்தபடி வைத்திருந்தால் வண்டி அமைதியாகப் போகும். கண் சாலை மறையும் இடத்தில் இருக்கட்டும். அந்த இடம் நம்மை நோக்கி வந்தால் வளைவு இறுகுகிறது, விலகிப் போனால் திறக்கிறது.

இடது வளைவில் அவசரப்பட்டு உள்ளே வெட்டாதீர்கள். நம் தடத்தின் வலப்பக்கமாக, நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி நுழைந்து, வளைவு முடியும் வெளிவாசல் தெரிந்த பிறகு உள்ளே வாருங்கள். வலது வளைவில் வேறு ஆபத்து. சக்கரம் நம் தடத்தில் இருக்கும், ஆனால் சாய்ந்த தலை கோட்டைத் தாண்டி எதிர்த்தடத்தில் இருக்கும். எதிரே லோரியின் பக்கக் கண்ணாடி அந்த உயரத்தில்தான் வரும். அதனால் அங்கே இடப்பக்கமே நில்லுங்கள்.

உடம்பைச் சாய்த்தால் வண்டி திரும்பிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். வண்டியைச் சாய்ப்பது பெரும்பாலும் கைப்பிடியில் கொடுக்கும் தள்ளல்தான். காலியான நேர்ச்சாலையில் 40இல் போகும்போது இடது கைப்பிடியை உள்ளங்கையால் மெல்ல முன்னே தள்ளிப் பாருங்கள். முன் சக்கரம் ஒரு நொடி வலப்பக்கம் போகும், வண்டி உடனே இடப்பக்கம் சாயும். வளைவுக்குள் வேகம் கூடிவிட்டதாகத் தோன்றினால் பிரேக்கைத் தேடாமல் வளைவு திரும்பும் பக்கத்துக் கைப்பிடியில் இந்தத் தள்ளலைக் கொஞ்சம் கூட்டுங்கள், கண்ணை வெளிவாசலில் வையுங்கள். பெரும்பாலும் வண்டிக்கு இன்னும் சாய இடம் இருக்கும், நம் மனசுதான் முதலில் கைவிடுகிறது. அந்த லோரி நாளில் நான் வந்தது 45 கிலோமீட்டர் வேகத்தில்தான்.

டயர் ஓரத்தில் தேயாத பட்டை இருப்பதைப் பார்த்து, முழுதாகச் சாய்ப்பதில்லை என்று நண்பர்கள் கிண்டல் செய்தால் விட்டுவிடுங்கள். என் டயரிலும் விரல் அகலத்துக்கு அது இருக்கிறது.

பழகுவதற்கு உங்கள் ஷிப்ட் நேரம் வேண்டாம். ஒரு ஞாயிறு காலை, சாலை காய்ந்திருக்கும்போது, தெலுக் பஹாங்கிலிருந்து தித்தி கெராவாங் பக்கம் ஏறுங்கள். இறக்கத்தைவிட ஏற்றம் சுலபம், திராட்டலை விட்டாலே வேகம் குறைந்துவிடும். சைக்கிள்காரர்கள் நிறைய வருவார்கள், அவர்களை வளைவில் முந்தாதீர்கள்.