நிற்கும் வண்டியில் ஓடும் என்ஜின்

கேள்வி: 2021இல் வாங்கிய டீசல் காரை வண்ணார்பேட்டையில் சர்வீசுக்கும் உட்புறச் சுத்தத்துக்கும் விட்டிருந்தேன். எடுக்கப் போனபோது, ஆளில்லாத வண்டியில் ஏசி ஓட, என்ஜின் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஓடிக்கொண்டிருந்தது. இதனால் என்ஜின் கெடுமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஒரு நாளில் கெட்டுவிடாது. என்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரில் நீர்மட்டம் சரியாக இருந்து மின்விசிறியும் வேலை செய்தால், நம் ஊர் சித்திரை வெயிலிலும் என்ஜின் தாங்கும், டீசல்தான் வீணாகும். இதுவே வழக்கமாவதுதான் கெடுதல்.

உங்களுடையது பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி. அதன் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி உண்டு. அந்தக் கரி எரிந்து தீர ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வேண்டும். நின்றபடி ஓடும் என்ஜினின் புகையில் அவ்வளவு சூடு இராது என்பதால், கரி சேர்ந்துகொண்டே போகும். அதை எரிக்கக் கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசலில் ஒரு பங்கு ஆயிலிலும் கலந்துவிடலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜின் ஆறியபின் ஆயில் அளவுகோலை உருவித் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்துப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டி ஆயில் நின்று, டீசல் வாடையும் அடித்தால் உடனே ஆயிலை மாற்றுங்கள். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாவிட்டாலும், புகை சூடேறிக் கரி எரிந்து தீர, நான்குவழிச் சாலையில் நாங்குநேரி வரை சீரான வேகத்தில் ஒருமுறை போய்வருவது நல்லது.

உட்புறச் சுத்தத்துக்கு என்ஜின் ஓடவே வேண்டியதில்லை. மூடிய கொட்டகைக்குள் ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு அங்கே வேலை செய்யும் பிள்ளைகளின் உயிருக்கே ஆபத்து. அடுத்த முறை வண்டியை விடும்போதே இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.