நாயின் உணவுச் செலவு: பாதிப் பணம் டின்னில் போகிறது

கேள்வி: எங்கள் நாய்க்கு நான்கு வயது. கருத்தடை செய்தாகிவிட்டது. எடை 24 கிலோ. 20 கிலோவுக்குக் கொண்டுவரும்படி கால்நடை மருத்துவர் சொல்கிறார். தானியம் சேர்க்காத, விலை உயர்ந்த உலர் உணவைக் கொடுக்கிறோம். நாளைக்கு மூன்று குவளை, எடை போட்டால் சுமார் 250 கிராம். இரவில் 400 கிராம் டின் உணவு ஒன்று. பிஸ்கட்டுக்குக் கணக்கில்லை. டின் ஒன்றின் விலை, உலர் உணவில் 300 கிராமின் விலைக்குச் சமம். பையில் 100 கிராமுக்கு 380 கிலோ கலோரி என்றும், டின்னில் 100 கிராமுக்கு 100 கிலோ கலோரி என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். வீட்டுக் கடனின் தவணை ஏறியதிலிருந்து இந்தச் செலவு உறுத்துகிறது. கைக்கு வரும் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு நாயின் சாப்பாட்டுக்கே போய்விடுகிறது. கிலோவுக்கு 40 சதவீதம் விலை குறைந்த வேறொரு உலர் உணவுக்கு மாறலாம் என்கிறார் கணவர். வீட்டிலேயே சமைத்துப் போடச் சொல்கிறார் அக்கா. நாம் சாப்பிட்டு மிஞ்சியதைப் போட்டால் போதாதா என்று கேட்கிறார் மாமியார். எது சிக்கனம்?

பதில்: மூவரில் யார் பேச்சையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். இதே பை, இதே நாய், செலவு மட்டும் பாதியாகக் குறைய வழியிருக்கிறது. அதற்கு வேண்டிய எல்லா எண்களையும் நீங்களே கடிதத்தில் எழுதிவிட்டீர்கள்.

உலர் உணவு கிலோ 100 காசு என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 250 கிராம், ஆக 25 காசு. டின் 30 காசு. மொத்தம் 55. இப்போது கலோரிப் பக்கம் வாருங்கள் (கிலோ கலோரியைத்தான் இனிச் சுருக்கமாகக் கலோரி என்கிறேன்). 250 கிராம் உலர் உணவில் 950 கலோரி கிடைக்கிறது, டின்னில் 400. செலவில் பாதிக்கும் மேலே டின்னுக்குப் போகிறது, அது தருவதோ நாய்க்குக் கிடைக்கும் ஆற்றலில் 30 சதவீதம். காரணம் எளிது: டின் உணவில் முக்கால் பங்குக்கும் மேல் தண்ணீர். உலர் உணவில் தண்ணீர் பத்தில் ஒரு பங்கு அளவுதான். தண்ணீரை டின்னில் அடைத்து, லாரியில் ஏற்றி, கடை அலமாரியில் அடுக்கிய செலவையும் சேர்த்துத்தான் நீங்கள் கொடுக்கிறீர்கள்.

அதனால் கிலோ விலையை மறந்துவிட்டு, 1000 கலோரிக்கு என்ன விலை என்று கணக்குப் போடப் பழகுங்கள். உங்கள் உலர் உணவு 1000 கலோரிக்கு 26 காசு. டின் 75 காசு. கணவர் சொல்லும் மலிவான உணவை எடுத்துக்கொள்ளுங்கள். அது கிலோ 60 காசு. அதன் கலோரியை நீங்கள் எழுதவில்லை. மலிவான வகைகளில் அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். 100 கிராமுக்கு 320 என்று வைத்தால், 1000 கலோரிக்கு ஏறக்குறைய 19 காசு வருகிறது. கிலோ விலையில் தெரிந்த 40 சதவீத லாபம், கிண்ணத்துக்கு வரும்போது 29 ஆகச் சுருங்கிவிடுகிறது. லாபம் இல்லாமல் இல்லை. ஆனால் உங்கள் பணம் கசியும் இடம் இதுவல்ல.

அடுத்து, நாய்க்கு உண்மையில் எவ்வளவு வேண்டும்? கால்நடை மருத்துவத்தில் வழக்கமாகப் பயன்படுத்தும் சூத்திரம் இது: எடையைக் கிலோவில் எடுத்து, அதன் 0.75 அடுக்கை 70-ஆல் பெருக்க வேண்டும். 20 கிலோ நாய்க்கு 660 வரும். சும்மா படுத்திருக்கவே இவ்வளவு கலோரி செலவாகும். கருத்தடை செய்த, ஓரளவு நடமாடும் நாய்க்கு இதை 1.4 முதல் 1.6 வரை பெருக்குவார்கள். ஆக 930 முதல் 1060 வரை. 1000 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கொடுப்பதோ 1350, அதற்கு மேல் கணக்கில்லாத பிஸ்கட். அந்த 4 கிலோ எங்கிருந்து வந்தது என்று மருத்துவரைக் கேட்கத் தேவையில்லை.

20 கிலோவுக்கு வந்த நாய்க்கு வெறும் உலர் உணவு மட்டும் கொடுத்தால் நாளைக்கு சுமார் 265 கிராம், 26 காசு. இப்போதைய 55-இல் பாதிக்கும் குறைவு. டின் இல்லாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்றால், ஒரு டின்னை மூன்று நாளைக்குப் பிரித்து மேலே பரப்பிக் கொடுங்கள். திறந்த டின்னைக் குளிர்சாதனப் பெட்டியில் மூடி வையுங்கள். உலர் உணவை 230 கிராமாகக் குறைக்க வேண்டும். அப்போது 33 காசு. இதிலும் 40 சதவீதம் மிச்சம். (பல் பிரச்சினை உள்ள நாய், தண்ணீர் சரியாகக் குடிக்காத நாய் என்றால் டின் உணவுக்குத் தனிப் பயன் உண்டு. அப்படி எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.)

எடை குறைக்கும் காலத்துக்கான அளவை மட்டும் நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். பொதுவாக 20 கிலோவுக்குரிய அந்த 660 கலோரியை ஒட்டித் தொடங்குவார்கள், வாரத்துக்கு உடல் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் குறைவதைச் சரியான வேகம் என்பார்கள். உங்கள் நாய்க்கு இரண்டு முதல் நான்கு மாதம் ஆகலாம். சாதாரண உணவையே பாதியாகக் குறைத்தால் கலோரியோடு சத்துகளும் பாதியாகும். அதனால் எடைக் குறைப்புக்கென்றே செய்த உணவை மருத்துவர் சொன்னால், கிலோ விலையைப் பார்த்து மலைக்காதீர்கள். நாள் செலவைப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

இது பணக் கணக்குக்கு வெளியே உள்ள விஷயம் என்று நினைக்கிறீர்களா? 2002-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் 48 லாப்ரடார் நாய்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட 25 சதவீதம் குறைவாக மற்றதற்குக் கொடுத்து, வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். அதிகம் சாப்பிட்டவற்றின் சராசரி ஆயுள் 11.2 ஆண்டு, குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு 13. மூட்டுத் தேய்மானம் போன்ற நாள்பட்ட நோய்களும் இவற்றுக்குத் தாமதமாகவே வந்தன. மூட்டு வலிக்கான மாத்திரை மாதாமாதம் வாங்க வேண்டிய பொருள். அந்தச் செலவு எத்தனை ஆண்டு தள்ளிப்போகிறதோ அத்தனையும் உங்கள் சேமிப்பு. சமையலறைத் தராசு ஒன்றை வாங்கி, காலையிலேயே அன்றைக்கு உரிய மொத்த உணவையும் நிறுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். வீட்டில் யார் கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான் கொடுக்க வேண்டும். குவளையை நம்பாதீர்கள், ஒருவர் தலைதட்டி அளப்பார், இன்னொருவர் குவித்து அளப்பார். பிஸ்கட் நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பை, டின், கலோரி என்று நான் எழுதியதெல்லாம் வீண்.

இனி ‘தானியம் சேர்க்காதது’ என்ற முத்திரைக்கு நீங்கள் தரும் கூடுதல் விலை. இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் நகல்கள் ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு அதிகம் என்று 2013-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. மனிதரோடு வாழ்ந்த காலத்தில் நாயின் வயிறு தானியத்துக்குப் பழகிவிட்டது. நாய்களுக்கு உணவு ஒவ்வாமை வந்தால் மாட்டிறைச்சி, பால், கோழி ஆகியவைதான் முதலில் சந்தேகப்பட வேண்டியவை; கோதுமை அதற்குப் பிறகுதான். போதாக்குறைக்கு, தானியத்துக்குப் பதிலாகப் பட்டாணியும் பருப்பும் அதிகம் சேர்த்த உணவுகளைத் தின்ற நாய்களிடம் இதயத் தசை நோய் தென்பட்டதாக வந்த புகார்களை அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2018-இல் விசாரிக்கத் தொடங்கியது. உணவுதான் காரணம் என்று இன்னும் நிறுவப்படவில்லை. அதற்காக, கூடுதல் விலை கொடுத்து அந்தச் சந்தேகத்தை வாங்கி வீட்டில் வைப்பானேன்? உங்கள் நாய்க்குத் தானிய ஒவ்வாமை என்று மருத்துவர் உறுதி செய்யாதவரை, தானியம் சேர்த்த நல்ல உணவுக்கு மாறலாம். கணவரின் யோசனைக்கு இங்கேதான் இடம் இருக்கிறது.

மலிவான பையைக் கையில் எடுத்ததும் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கம் திருப்புங்கள். ‘முழுமையான, சமச்சீரான உணவு’ என்ற பொருளில் வாசகம் இருக்கிறதா, எந்த வயது நாய்க்கு என்று சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் ஆஃப்கோ, ஐரோப்பாவில் ஃபெடியாஃப் என்ற அமைப்புகள் இதற்கான சத்து அளவுகளை வகுக்கின்றன. ‘துணை உணவு’ என்றோ ‘இடையிடையே தருவதற்கு’ என்றோ இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். பெயரிலும் சூட்சுமம் உண்டு. ஆஃப்கோ விதிப்படி டின்னில் வெறுமனே ‘நாய்க்கான கோழி’ என்று பெயரிட, சேர்க்கும் தண்ணீரை விட்டுக் கணக்கிட்டால் 95 சதவீதம் கோழி இருக்க வேண்டும். ‘கோழி விருந்து’ போன்ற பெயருக்கு 25 சதவீதம் போதும். ‘கோழியுடன்’ என்றால் 3 சதவீதம். ‘கோழிச் சுவை’ என்றால் நாய்க்கு வாடை தெரிந்தால் சரி. பொருள்களின் பட்டியலில் முதலிடத்தில் கோழி இருப்பதைக் கண்டும் மயங்க வேண்டாம். சமைக்கும் முன்புள்ள எடைப்படிதான் வரிசை, பச்சை இறைச்சியின் எடையில் பெரும்பகுதி தண்ணீர்.

அக்காவின் யோசனை. அன்போடு சொல்கிறார், ஆனால் மூன்றில் செலவு அதிகமானது இதுதான். 300 கிராம் வெந்த கோழி, 390 கிராம் சோறு: கிட்டத்தட்ட 1000 கலோரி வந்துவிடும். கிண்ணம் நிறைந்திருக்கும், நாயும் வழித்து நக்கிவிடும். ஆனால் அதில் உள்ள கால்சியம் 85 மில்லிகிராம் அளவுதான். வளர்ந்த நாய்க்கு 1000 கலோரிக்குக் குறைந்தது 1250 மில்லிகிராம் வேண்டும். பாஸ்பரஸோ 850 வரை இருக்கிறது. கால்சியம் குறைந்தபட்சம் பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். இங்கே பத்தில் ஒரு பங்கு. மாதக்கணக்கில் இப்படியே போனால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். துத்தநாகம், செம்பு, அயோடின், வைட்டமின் டி, ஈ என்று பட்டியல் இதற்கு மேலும் நீளும். புத்தகங்களிலும் இணையத்திலும் கிடைத்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2013-இல் சோதித்தபோது, 95 சதவீதக் குறிப்புகளில் அவசியமான ஒரு சத்தாவது குறைந்தது. அவற்றில் கால்நடை மருத்துவர்கள் எழுதியவையும் அடக்கம். வீட்டில் சமைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. கால்நடை ஊட்டச்சத்து நிபுணரிடம் உங்கள் நாய்க்கென்று திட்டம் எழுதி வாங்கி, அவர் சொல்லும் சத்துப் பொடியையும் கிராம் தவறாமல் சேர்த்தால் சரியாகவே அமையும். நிபுணருக்கான கட்டணம், பொடி, இறைச்சி, எரிபொருள், உங்கள் நேரம் எல்லாவற்றையும் கூட்டினால் 20 கிலோ நாய்க்கு உலர் உணவைவிட மலிவாக முடிவது அரிது. ஆசைக்காகச் செய்யுங்கள், சிக்கனத்துக்காக வேண்டாம்.

மாமியாருக்கு என்ன சொல்வது என்பது உங்கள் குடும்ப விவகாரம். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று சேர்ந்த இனிப்பு ஆகியவை நாய்க்கு நஞ்சு என்பதையும், சமைத்த எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும் என்பதையும் மட்டும் சொல்லிவையுங்கள். ஓர் இரவு அவசர சிகிச்சைக்கு எவ்வளவு ஆகும் என்று உங்கள் மருத்துவமனையில் விசாரித்துவிட்டுப் பேசினால் பேச்சு சீக்கிரம் முடியும். மசாலா சேர்க்காத வெந்த காய் கொஞ்சம் போட விரும்பினால் போடட்டும், பிஸ்கட்டுக்கு ஒதுக்கிய அந்தப் பத்து சதவீதத்துக்குள்.

பெரிய பையாக வாங்கினால் கிலோ விலை குறையும் என்பது உண்மைதான். ஆனால் பையைப் பிரித்ததும் உணவிலுள்ள கொழுப்பு காற்றுப்பட்டுக் கெடத் தொடங்குகிறது. ஆறு வாரத்துக்குள் தீர்வதுபோல் வாங்குவது நல்லது. நாளைக்கு 265 கிராம் என்றால் உங்களுக்கு 10 கிலோ பை சரி. 15 கிலோ பை எட்டு வாரம் கிடக்கும். வேறு டப்பாவில் கொட்டாமல், பையோடு அப்படியே மூடியுள்ள டப்பாவுக்குள் வையுங்கள். 2007-இல் மெலமைன் என்ற தொழிற்சாலை ரசாயனம் கலந்த மூலப்பொருளால் ஏராளமான வகைகளைத் திரும்பப் பெற்றபோது, தொகுதி எண் அச்சிட்ட பையை வைத்திருந்தவர்களால்தான் தங்கள் வீட்டில் இருப்பது அதே சரக்கா என்று பார்க்க முடிந்தது.

மிச்சமாகும் பணம் முழுவதையும் கடன் தவணைக்குத் தள்ளிவிட வேண்டாம். முதலில் நாயின் பெயரில் தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்று. அவசர சிகிச்சைக்கு என்று மருத்துவமனை சொல்லும் தொகை அதில் சேரும்வரை பாதியை அங்கே போடுங்கள், மறுபாதி தவணைக்கு. காப்பீடு எடுப்பதாக இருந்தால் உடனே விசாரியுங்கள்: ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பெரும்பாலான காப்பீடுகள் பணம் தருவதில்லை, உங்கள் நாய்க்கு இன்னும் மூட்டு நோய் என்று எதுவும் பதிவாகவில்லை. விலக்குகளின் பட்டியலையும், ஒவ்வொரு சிகிச்சையிலும் உங்கள் கைப்பணம் எவ்வளவு என்பதையும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

புதிய உலர் உணவுக்கு மாறும்போது ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொண்டு, பழையதில் புதியதைக் கலந்து சிறுகச் சிறுகக் கூட்டுங்கள். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு வரலாம். இப்போதுள்ள பை தீர்வதற்கு இரண்டு வாரம் இருக்கும்போதே புதியதை வாங்கிவிடுங்கள், முதலில் சிறிய பையாக. மாற்றத்தின் ஊடே டின்னையும் நிறுத்தாதீர்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் நாய்க்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று உங்களுக்குத் தெரியாமல் போகும்.