பலகைக்கு அடியில் யாருடைய நெஞ்சு?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். எங்கள் வாசிப்புக் குழுவில் போன ஞாயிறு அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் 'தி டெல்-டேல் ஹார்ட்' (காட்டிக்கொடுக்கும் இதயம்) சிறுகதையைப் பேசினோம். ஒரே வீட்டில் இருக்கும் கிழவரை, அவருடைய கண் பிடிக்கவில்லை என்று கொன்று, துண்டுபோட்டு, தரைப்பலகைக்கு அடியில் ஒளித்துவைக்கிறான் ஒருவன். விசாரிக்க வந்த போலீஸ்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே, பலகைக்குக் கீழே கிழவரின் இதயம் துடிப்பது அவனுக்குக் கேட்கிறது. தாங்காமல் கத்தி ஒப்புக்கொண்டுவிடுகிறான். "குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், அவ்வளவுதானே கதை" என்றார் ஒரு நண்பர். "பைத்தியத்துக்கு ஏது குற்றவுணர்வு, அது வெறும் பிரமை" என்றார் இன்னொருவர். இரண்டுமே சரியென்று படுகிறது, அதுதான் என் குழப்பம். அவனை எப்படிப் புரிந்துகொள்வது?

ம., காரைக்குடி

அன்புள்ள ம.,

உங்கள் நண்பர் அந்தப் பழமொழியைச் சொன்னது நல்லதாகப் போயிற்று. நெஞ்சு குறுகுறுக்கிறது என்றால் அது என் நெஞ்சு என்று எனக்குத் தெரிகிறது என்றுதான் பொருள். போவின் கதைசொல்லிக்கு இல்லாமல் போனது அந்தத் தெரிதல்தான். கொலைக்குப் பிறகு தன் மனம் எப்படி இருந்தது என்று அவனே சொல்கிறான்: இலேசாக, சிரித்த முகமாக. போலீஸ்காரர்களை வீடு முழுக்கச் சுற்றிக் காட்டுகிறான். நாற்காலி கொண்டுவந்து போடுகிறான், தன் நாற்காலியைப் பிணம் கிடக்கும் இடத்துக்கு நேர் மேலேயே போட்டுக்கொள்கிறான். நெஞ்சில் ஒரு குறுகுறுப்பும் இல்லை. ஆனால் காதில் கேட்கிறது. தன் நெஞ்சு அடித்துக்கொள்வதை இன்னொருவருடைய நெஞ்சு என்று கேட்கிறான். என் வாசிப்பில் அவனுடைய பைத்தியமும் குற்றவுணர்வும் இரண்டல்ல, ஒரே சத்தம்.

(அவன், அவன் என்கிறோம். கதையில் எங்கும் அது ஆணென்று சொல்லப்படவில்லை. 'நான்' மட்டும்தான். பேச்சு வசதிக்காக நானும் அவன் என்றே எழுதுகிறேன்.)

இது கடைசியில் திடீரென்று வருவதும் அல்ல. எட்டாம் இரவைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஏழு இரவு அவன் கதவைத் திறந்து, தலையை மட்டும் உள்ளே நுழைக்கவே ஒரு மணிநேரம் எடுத்துக்கொண்டு, விளக்கின் மூடியைக் கொஞ்சமாய் விலக்கி, மெல்லிய ஒரு கீற்று வெளிச்சத்தைக் கிழவரின் கண்மேல் விழவைக்கிறான். கண் மூடியிருப்பதால் கொல்லாமல் திரும்பிவிடுகிறான். எட்டாம் இரவு கட்டைவிரல் விளக்கின் தகரத்தில் வழுக்கிச் சத்தம் வருகிறது. கிழவர் எழுந்து உட்கார்ந்து "யாரது?" என்கிறார். ஒரு மணிநேரம் இருவரும் இருட்டில் அசையாமல் இருக்கிறார்கள். பிறகு கிழவரிடமிருந்து மெல்ல ஒரு முனகல். அந்த முனகலை எனக்கு நன்றாகத் தெரியும், எத்தனையோ நள்ளிரவுகளில் அது என் நெஞ்சிலிருந்தே எழுந்திருக்கிறது என்கிறான் கதைசொல்லி. சுவருக்குள் தட்டும் வண்டின் சத்தத்தை இரவிரவாக நான் கேட்டுக்கொண்டிருந்ததைப் போலவே அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்கிறான். அது பழைய மரத்தைக் குடையும் வண்டு. மரத்தில் தலையை மோதித் தட்டும். அந்தத் தட்டல் கேட்டால் சாவு வரும் என்று அந்த ஊர்களில் நம்பிக்கை.

கல்லூரி நாளில் படித்தபோது இந்த வரிகளை நான் தாண்டிப் போய்விட்டேன். கண்ணும் ரத்தமும்தான் நினைவில் நின்றன. இன்று இந்த இடம் வரும்போது அவன்மேல் இரக்கம் வருகிறது. கொல்வதற்கு முன்பே அவனுக்குக் கிழவர் எங்கே முடிகிறார், தான் எங்கே தொடங்குகிறோம் என்பது தெரியவில்லை. சாவுபயத்தில் இரவெல்லாம் விழித்துக் கிடந்த ஒருவன், அதே பயத்தில் விழித்திருக்கும் இன்னொருவரைக் கொல்கிறான். காரணமாகச் சொல்லும் அந்தக் கண்ணைக்கூட, கதை சொல்லும்போதுதான் தேடிப் பிடிக்கிறான். அவர்மேல் அன்பு வைத்திருந்தேன், அவர் பொன்னுக்கு ஆசைப்படவில்லை, அவருடைய கண்தான் காரணம் என்று நினைக்கிறேன், ஆமாம், அதுதான் என்கிறான். அந்த 'நினைக்கிறேன்'தான் நம்பகமற்ற கதைசொல்லியைக் காட்டிக்கொடுக்கும் சொல். அங்கே அவன் நம்மை ஏமாற்றுவதாக நான் நினைக்கவில்லை. அவனுக்கே தெரியாது.

உங்கள் இரண்டாவது நண்பரின் கேள்வி உண்மையில் நீதிமன்றத்தின் கேள்வி. போ அதை நன்றாக அறிந்தவர். 1840-இல் பிலடெல்பியாவில் மகளைக் கொன்ற ஜேம்ஸ் வுட் என்பவரின் வழக்கைப் பற்றி அவர் பத்திரிகையில் எழுதினார். வுட் நிதானமாக நடந்துகொண்டார், ஆகவே அவர் பைத்தியமல்ல என்றது அரசுத் தரப்பு. அந்த நிதானமே பைத்தியத்தின் அடையாளமாக இருக்கலாம் என்றார் போ. இந்தக் கதை 1843 ஜனவரியில் பாஸ்டனின் 'பயனியர்' இதழில் வந்தது. அதே மாதம் லண்டனில் டேனியல் மக்நாட்டன் பிரதமரின் செயலாளரைச் சுட்டான். அவன் புத்தி பேதலித்தவன், குற்றவாளியல்ல என்று மார்ச்சில் தீர்ப்பாகி, பெரும் கொந்தளிப்பு எழுந்து, நீதிபதிகள் விதி வகுத்தார்கள்: தான் செய்வது இன்னதென்றோ அது தவறென்றோ அறிய முடியாதவனுக்கு மட்டுமே விலக்கு. 2024 வரை நடப்பில் இருந்த நம் 1860 தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவும் அந்த வழியில் வந்ததுதான். பிணத்தை ஒளிக்கத் தெரிந்த நம் ஆளுக்கு அந்த விலக்கு கிடைப்பது கடினம்.

ஆனால் அவன் அதைக் கேட்கவே இல்லையே! எந்த வக்கீலாக இருந்தாலும் முதல் வேலையாக இவன் பைத்தியம் என்றுதான் வாதாடுவார். இவனோ கொலையை வரிவரியாக ஒப்புக்கொண்டு, பைத்தியம் என்பதை மட்டும் மறுக்கிறான். எவ்வளவு நிதானமாகச் சொல்கிறேன் பாருங்கள் என்று முதல் பத்தியிலேயே கெஞ்சுகிறான். தப்பிக்க இருக்கும் ஒரே கதவைத் தானே சாத்துகிறான். வருந்துகிறேன் என்று ஒரு சொல் கிடையாது. கடைசியில்கூட போலீஸ்காரர்களைத்தான் அயோக்கியர்களே என்று திட்டுகிறான், தெரிந்துகொண்டே தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று. இருந்தும், நான் செய்தேன், தெரிந்தே செய்தேன் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறான். வருத்தம் தெரியாத ஒரு மனத்தில் குற்றவுணர்வு எடுக்கக்கூடிய ஒரே உருவம் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

அடுத்த முறை கூடும்போது இதைச் செய்து பாருங்கள். எட்டாம் இரவிலிருந்து முடிவுவரை யாராவது சத்தமாகப் படிக்கட்டும். பஞ்சில் சுற்றிய கடிகாரம் போல, தாழ்ந்து, மங்கி, வேகமாக ஒரு சத்தம் என்று ஓரிடத்தில் வரும். அப்போது கிழவர் உயிரோடு இருக்கிறார். அதே சொற்கள் மறுபடியும் வரும். அப்போது அவர் பலகைக்கு அடியில் துண்டுகளாகக் கிடக்கிறார். இரண்டு இடத்திலும் படிப்பவரைச் சற்று நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் அந்த அறையில் உயிரோடு, பயந்து, வேகமாய்த் துடித்துக்கொண்டிருக்கும் நெஞ்சு யாருடையது என்று உங்கள் இரு நண்பர்களிடமும் கேளுங்கள்.

அன்புடன்.