ஃபோர்டு எஃப்-150: எந்த ஸ்பார்க் பிளக், எப்படிக் கழற்றுவது?

அண்ணா, 2006 எஃப்-150, 5.4 லிட்டர் மூன்று வால்வு. 98,000 மைல் ஓடியாச்சு. இரிடியம் நுனி பிளக் போட்டா மைலேஜ் ஏறுமா?

ஏறாது. இந்த இன்ஜினில் புதுசு எது என்பதைவிடப் பழசை முழுசாக வெளியே எடுப்பதுதான் பாடு. பிளக்கின் திரெட்டுக்குக் கீழே ஒரு நீள உலோக உறை எரியறை வரை இறங்குகிறது. உறைக்கும் ஹெட்டுக்கும் (சிலிண்டர்களின் மேல்மூடி) நடுவே கரி கெட்டியாகிவிடும். உறையோ தனித்துண்டு, பிளக் உடம்போடு நசுக்கிப் பொருத்தியது. வேகமாகத் திருப்பினால் மேல்பாகம் ஸ்பேனரோடு வரும், உறை ஹெட்டிலேயே தங்கிவிடும்.

ஃபோர்டின் சொந்த பிராண்டான மோட்டர்கிராஃப்ட் எஸ்பி-515, அதற்குப் பின் வந்த எஸ்பி-546 இரண்டும் இதே இரண்டுதுண்டு அமைப்புதான். சாம்பியன் 7989 ஒற்றைத்துண்டு. அடுத்த முறையும் நீங்களே கழற்றுவதாக இருந்தால் 7989 வாங்குங்கள். எட்டு பிளக்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.

சரி, உடையாம எடுக்க வழி?

இன்ஜின் முழுக்க ஆறியிருக்கட்டும். பிளக்குக்கு மேலே உள்ள காயிலை (மின்சாரம் தரும் பாகம்) கழற்றி, பிளக் குழிக்குள் காற்றடித்து மண்ணை வெளியேற்றுங்கள். பிளக்கை எட்டில் ஒரு சுற்று, மிஞ்சினால் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். அதோடு கை எடுத்துவிடுங்கள். கார்புரேட்டர் கிளீனரை ஒவ்வொரு குழியிலும் அரை முதல் ஒரு டீஸ்பூன் ஊற்றிக் குறைந்தது 15 நிமிடம் ஊறவிடுங்கள். அளவு மீறினால் திரவம் சிலிண்டருக்குள் இறங்கி, ஸ்டார்ட் செய்யும்போது பிஸ்டன் அதில் முட்டி நிற்கும். கனெக்டிங் ராடு வளையும்.

பிறகு கொஞ்சம் இறுக்கு, கொஞ்சம் தளர்த்து, இப்படியே மாறி மாறி. 'கிரீச்' என்று கத்தும். கரி விடுகிற சத்தம் அது, பயம் வேண்டாம். திருப்புவது கடினமானால் மேற்கொண்டு தளர்த்தாதீர்கள், மறுபடி இறுக்கிக் கிளீனர் விடுங்கள். பவர் ரெஞ்ச் பக்கமே போகக் கூடாது.

ஒண்ணு உடைஞ்சே போச்சு. பீங்கானும் உள்ள இருக்கு. ஹெட்டைக் கழற்றணுமா?

பெரும்பாலும் வேண்டாம். லிஸ்ல் 65600 கருவி இதற்கென்றே வந்தது: பீங்கானைக் கீழே தள்ளி, உறையின் உட்புறத்தில் திரெட் வெட்டி, போல்ட்டில் பிடித்து மேலே இழுக்கும். வேலைக்கு முன்னும் பின்னும் மெல்லிய குழாயால் தூளை உறிஞ்சி எடுங்கள். உறை வெளியே வரும்வரை இன்ஜினைச் சுற்ற வேண்டாம்.

ஆன்டிசீஸ் (இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பசை) திரெட்டில் தடவலாமா சார்?

இந்த வகைக்குத் திரெட்டில் வேண்டாம். நிக்கல் ஆன்டிசீஸை உறையின் வெளிப்பக்கத்தில் மெல்லிசாகத் தடவுங்கள். நுனியில் உள்ள எலக்ட்ரோடில் படக்கூடாது, ஸ்பார்க் கெடும். இறுக்கம் 25 அடி-பவுண்டு, அதாவது 34 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாமல் அலுமினிய ஹெட்டில் கை வைக்காதீர்கள்.

என்னோடது 2008 மாடல். எனக்கும் இதே பிளக்கா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 2007 அக்டோபரில் ஹெட்டை மாற்றி, சாதாரண வடிவப் பிளக்குக்கு வந்துவிட்டார்கள். கதவில் ஒட்டிய தேதி வண்டியுடையது, இன்ஜினுடையது அல்ல. ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், அல்லது வண்டி எண்ணைச் சொல்லி டீலர் பார்ட்ஸ் கவுன்டரில் கேளுங்கள்.

பிளக் புதுசு, ஆனாலும் ஸ்கேனரில் பி0304 என்ற மிஸ்ஃபயர் பிழைக் குறியீடு வருது.

அது நான்காம் சிலிண்டர்: பயணி பக்கம் (வண்டியின் வலப்புறம்), கடைசி, ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) ஒட்டியது. கை போக இடமில்லாததால் காயில் சரியாக அமராமல் போகும் இடமும் அதுதான். முதலில் காயிலின் ரப்பர் பூட்டை (பிளக்மேல் மாட்டும் உறை) பாருங்கள். வெள்ளைக் கோடு ஓடியிருந்தால் கரண்ட் வெளியே பாய்கிறது என்று அர்த்தம். நான்காம், மூன்றாம் சிலிண்டர்களின் காயில்களை இடம் மாற்றி ஓட்டுங்கள். பிழைக் குறியீடு பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. பூட்டின் உள்வாயில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) கொஞ்சம் வைத்து மாட்டுங்கள்.

3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் டர்போ இன்ஜினுக்கும் இதேதானா?

அது வேற சமாச்சாரம். டர்போ அழுத்தத்தில் பிளக் எலக்ட்ரோடுகளின் இடைவெளி பெரிதாக இருந்தால் ஸ்பார்க் தாவாது. முழு லோடில் மேடு ஏறும்போது குலுக்கும். 0.030 முதல் 0.035 அங்குலம் வையுங்கள். பெட்டியில் 'முன்கூட்டியே அளந்தது' என்று போட்டிருந்தாலும் கம்பி அளவியை விட்டு ஒரு தடவை பாருங்கள், கூரியரில் கீழே விழுந்த பிளக்கும் உண்டு.