வீட்டை விட்டு முதன்முறையாகக் கல்லூரி விடுதிக்குப் போகிறேன். அம்மா அழுகிறார், எனக்கோ பயமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. நான் சுயநலக்காரியா?

இல்லை.

பதில் அவ்வளவுதான். ஆனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா தாண்டிப் போக என்னால் முடியவில்லை. நான் கேட்காமலேயே, ‘ஆமாம், நீ சுயநலக்காரிதான்’ என்று தீர்ப்பு எழுதி வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது.

ப்ளஸ் டூ முடித்த பெண் என்றால் என்னைவிட ரொம்பச் சின்னவள், அதனால் நீ என்றே எழுதுகிறேன். சின்ன ஊர்க்காரி, வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவள் என்றும் நானாகவே வைத்துக்கொள்கிறேன். அண்ணா நகரிலிருந்து அப்பாவின் காரில் போய் இறங்கப் போகிறவள் என்றால் பாதிப் பதில் உனக்குப் பொருந்தாது, மீதியைப் படி.

எனக்கு ராஜபாளையம் பக்கத்தில் சத்திரப்பட்டி. அடிபட்டால் கட்டுகிறோமே, அந்த பேண்டேஜ் துணியை நெய்கிற ஊர். அப்பாவுக்கு விசைத்தறியில் ஷிஃப்ட் வேலை. வீடு என்பது ஓர் அறை, ஓர் அடுப்படி. பின்சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்கூடம், ராத்திரி பகல் என்றில்லாமல் தடக்தடக்கென்று ஓடும். அந்த ஓர் அறையில் அம்மா, அப்பா, அப்பத்தா, தம்பி, நான். எனக்கென்று இருந்தது சுவரில் ஓர் ஆணி, அதில் தொங்கிய பை. அந்தப் பையிலும் தம்பி கை விடுவான்.

2009இல் பொறியியல் கவுன்சிலிங். நுழைவுத் தேர்வை அதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று ப்ளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே 200க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். உங்களைப் போல வீட்டிலிருந்து இணையத்தில் கல்லூரி வரிசை போடுகிற வசதி 2018இல்தான் வந்தது. நாங்கள் கிண்டிக்கே போக வேண்டும். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் திருவிழாக் கூட்டம். எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று திரையில் ஓடிக்கொண்டிருக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் குறையும். அப்பா எச்சில் விழுங்குவது பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது.

உள்ளே கூப்பிட்டார்கள். மதுரையில் இடம் இருந்தது. கோயம்புத்தூரிலும் இருந்தது. “மதுரைன்னா வாராவாரம் வந்துட்டுப் போயிறலாம்ல தாயி” என்றார் அப்பா. நான் கோயம்புத்தூரைச் சொன்னேன். அந்தக் கல்லூரி நல்லது என்று அப்போது ஏதோ காரணம் சொன்னேன், பொய்யில்லை, நல்ல கல்லூரிதான். ஆனால் உண்மையான காரணம் அந்த ‘வாராவாரம்’. அப்பாவுக்கு அது புரிந்திருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஒன்றும் சொல்லாமல் ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பட்டாளமே வந்தது. அம்மா அழுதார், சரி, அம்மா என்றால் அழத்தான் செய்வார். பெரியம்மா அதைவிடச் சத்தமாக அழுதார். எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்திருந்தது. வயிற்றைக் கலக்கிக்கொண்டுதான் இருந்தது, கை ஜில்லென்று இருந்தது, ஆனால் முகம் என் பேச்சைக் கேட்காமல் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தது. பெரியம்மா பார்த்துவிட்டார். “பெத்தவ இங்க மூக்கச் சிந்திக்கிட்டு நிக்கா, இவ பல்லக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கா பாரு” என்றார், பஸ் முழுக்கக் கேட்கும்படி.

அந்த ஒரு வரி இன்று வரை என்னைத் துரத்துகிறது. கல்யாண வீட்டில் பந்திக்கு நடுவில் சொல்வார்கள். எனக்கு வேலை கிடைத்தபோதும் சொன்னார்கள். அம்மாவுக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்தபோது எனக்கு விடுப்பு கிடைக்காமல் மறுநாள்தான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வரவேற்பு: “அன்னைக்கே சிரிச்சுக்கிட்டுப் போனவதான.” என் தம்பி பாலிடெக்னிக் படிக்க நாகர்கோவில் போனபோதும் சிரித்துக்கொண்டேதான் போனான். அவனை ‘தைரியசாலிப் பையன்’ என்றார்கள்.

இங்கே சிலர் கருத்தில் வந்து, “பெற்றவர்களின் கண்ணீரைக் கேலி செய்கிறாள்” என்று எழுதுவார்கள் என்று தெரியும். எழுதட்டும். என் கல்விக் கடனைக் கட்டி முடித்ததும் நான்தான், அம்மாவுக்குத் தனியாகப் படுக்க ஓர் அறை கட்டிக் கொடுத்ததும் நான்தான். இதைச் சொல்லிக் காட்டுவது அசிங்கம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். அம்மா அழுததில் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. அவர் என்னை ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. பிள்ளை பிரிகிற துக்கம் அவருடையது. பிரிந்து போகிற பயமும் ஆசையும் என்னுடையவை. நடுவில் நின்று யார் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று மேற்பார்வை பார்த்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

சரி, உன் பயத்துக்கு வருகிறேன்.

கோயம்புத்தூர் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் அப்பாவும் நானும் விடியற்காலையில் இறங்கினோம். விடுதியில் நாலு பேருக்கு ஓர் அறை, ஆளுக்கு ஓர் இரும்பு அலமாரி. வார்டன் கையெழுத்து வாங்கிக்கொண்டு அலமாரிச் சாவியைக் கொடுத்தார். சின்னச் சாவி, துருவேறி, 43 என்று எண் பொறித்தது. அப்பா ஊருக்குத் திரும்பிப் போன பிறகு நான் செய்த முதல் காரியம், அலமாரியில் ஒன்றுமே வைக்காமல் பூட்டினேன், திறந்தேன், திரும்பப் பூட்டினேன். அதுவரை என் வாழ்க்கையில் பூட்டி வைக்கிற மாதிரி எனக்கென்று எதுவும் இருந்ததில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஈரோட்டுப் பெண் என்னைப் பார்த்து, “ஏனுங்க, பூட்டு சரியில்லீங்களா?” என்று கேட்டாள். நாலு வருஷமும் அவள் என்னை அப்படித்தான் வாங்க போங்க என்று கூப்பிட்டாள், திட்டும்போதும் மரியாதையோடுதான் திட்டுவாள்.

அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. வீட்டு ஞாபகம் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் அழுதும் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது, தறிச் சத்தம் இல்லை. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் தூங்கிப் பழகியவளுக்கு அமைதி காதை அடைத்தது. மின்விசிறியைக் கடைசி எண்ணில் வைத்தால் ஒரு கடகடப்பு வரும், அதைக் கேட்டுக்கொண்டே தூங்கப் பழகினேன். எனக்குப் படிப்பு, ராகிங், சாப்பாடு என்று பெரிய பெரிய பயங்களெல்லாம் இருந்தன. படுத்தி எடுத்தது இந்த மாதிரி, நினைத்தே பார்க்காத சில்லறை விஷயங்கள்தான். காலையில் குளியலறை வாசலில் பக்கெட்டை வரிசையில் வைத்துவிட்டு வந்து படுக்க வேண்டும் என்பதுகூட யாரும் சொல்லித் தரவில்லை.

ராகிங் பற்றிக் கேட்பாய் என்று சொல்கிறேன். தமிழ்நாட்டில் அதற்கு எதிராக 1997லேயே சட்டம் இருக்கிறது. நான் சேர்ந்த 2009இல் யூஜிசியும், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவும், விதிகள் போட்டது. 1800-180-5522 என்ற எண் இருபத்து நாலு மணி நேர உதவிக்கு. எழுதி வைத்துக்கொள். எங்கள் சீனியர்கள் பாடச் சொன்னதோடு சரி. உனக்கும் அப்படியே இருக்கும் என்று நான் உறுதி சொல்ல முடியாது, அதனால்தான் எண்ணைக் கொடுத்தேன்.

தமிழ் மீடியத்தில் படித்தவளா நீ? நான் அப்படித்தான். பஸ்ஸில் வரும்போதே ‘மை நேட்டிவ் பிளேஸ் இஸ்’ என்று ஆரம்பித்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தேன். வகுப்பில் என் முறை வந்தபோது சத்திரப்பட்டி வரை சரியாக ஒப்பித்துவிட்டேன். ஆசிரியர் அது எதற்குப் பெயர் போன ஊர் என்று கேட்டார், அது என் பாடத்தில் இல்லை. “பேண்டேஜ் சார்” என்றேன். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, ஆஸ்பத்திரியில் இருக்கிற துணியெல்லாம் உங்கள் ஊர்த் துணியா என்று தமிழிலேயே கேட்டார். அதற்குமேல் எனக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். முதல் செமஸ்டர் முழுக்கப் பயம்தான். கணக்குப் பாடம் மட்டும் காப்பாற்றியது. சமன்பாட்டுக்கு எந்த மீடியமும் கிடையாது.

அந்த பேண்டேஜ் விஷயத்தை முடித்துவிடுகிறேன். அம்மா பெட்டியில் பருப்புப்பொடி, சாத்தூர் சேவு, புளிக்காய்ச்சல் என்று அடைத்திருந்தார். அப்பா அடியில் தனக்குத் தெரிந்ததை வைத்திருந்தார், ஒரு பெரிய சுருள் காஸ் துணி. எனக்கு வெட்கமாகப் போயிற்று, அலமாரியின் பின்பக்கம் தள்ளிவிட்டேன். பிறகு ஒரு நாள் மாடியில் ஒருத்தி வாட்டர் ஹீட்டர் கம்பியை வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டாள். அப்போது எடுத்ததுதான். அதன் பின் கத்தி பட்டால், கால் இடறினால், முகப்பரு மருந்து துடைக்க, மோர் வடிகட்ட என்று எல்லாரும் என் கதவைத்தான் தட்டினார்கள். எங்கள் அறைக்கு ஜிஹெச் என்று பெயரே வைத்துவிட்டார்கள். மேல்தளம் கீழ்த்தளம் எல்லாம் எனக்கு ஆள் பழக்கம் வந்தது அந்தத் துணியால்தான். ஆகவே அப்பா அம்மா உன் பெட்டிக்குள் எதையாவது திணித்தால் வேண்டாம் என்று சண்டை போடாதே, என்ன உபயோகம் என்று அங்கே போனால்தான் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது 2010-11இல். நான் சேர்ந்தது அதற்கு முந்தைய வருஷம். ஒரே ஒரு வருஷம்! அதனால் கல்விக் கடன். நாலு லட்சம் வரை சொத்து ஜாமீன் தேவையில்லை என்பது அப்போதும் விதிதான். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கத்து வங்கி மேலாளர் ஒருவர் ‘வீட்டுப் பத்திரம் கொண்டு வா’ என்றார். வாடகை வீட்டுக்கு ஏது பத்திரம்? ஒவ்வொரு தடவை போகும்போதும் அப்பாவுக்கு ஒரு ஷிஃப்ட் கூலி போனது. வெயிட் பண்ணச் சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடுவார் அந்த மனிதர். கடைசியில் எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் கூடவே போய், விதியை அச்சடித்த தாளை மேஜை மேல் வைத்த பிறகுதான் கையெழுத்து விழுந்தது. அரசாங்கம் சும்மா கொடுக்கிறது என்று பேசுகிற ஆட்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். கடனை நான் வட்டியோடு கட்டினேன்.

உனக்கு நிலைமை பரவாயில்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கிவிட்டாயா பார். ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உன் கணக்குக்கு வரும், கல்லூரி மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், சேர்ந்த உடனே கேள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் கிடைத்திருந்தால் விடுதிக் கட்டணம் உட்பட அரசே கட்டும். உன்னிடம் யாராவது பணம் கேட்டால் எழுத்தில் கேள். ஏடிஎம் கார்டை நீயே வைத்துக்கொள், மாமா சித்தப்பா யாரிடமும் பத்திரத்துக்குக் கொடுக்காதே.

எங்கள் விடுதியில் பெண்களுக்கு ஆறரைக்குக் கேட்டை மூடுவார்கள், பையன்களுக்கு ஒன்பதரை. நூலகம் எட்டு வரை திறந்திருக்கும், எங்களுக்கு அது இருந்தும் இல்லை. நாங்கள் முனகியதோடு சரி. 2022இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள் இதே பிரச்சினையை உயர் நீதிமன்றம் வரை கொண்டு போனார்கள். படித்தபோது அவ்வளவு பொறாமையாக இருந்தது.

அம்மா அழுவதற்கு என்ன செய்வது என்று உன் கேள்வியில் ஒரு தொனி இருக்கிறது. ஒன்றும் செய்யாதே. சமாதானப்படுத்துகிறேன் என்று நீயும் அழுது காட்ட வேண்டாம், அது அவருக்குத் தெரிந்துவிடும். போய்ச் சேர்ந்ததும் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார், மெஸ்ஸில் போட்ட உப்புமாவைப் பற்றி உள்ளது உள்ளபடி சொல்லு. எங்கள் காலத்தில் கால் கட்டணத்தைக் குறைக்கிற ரேட் கட்டர் ரீசார்ஜ் போட்டு எண்ணி எண்ணிப் பேசினோம், உனக்கு வீடியோ காலே இருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் கூப்பிடுகிறேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதே, ஒரு நாள் தவறினால் ஊரே பதறும்.

அப்புறம், பக்கெட்டை ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு போகாதே, கல்லூரி வாசலிலேயே விற்பார்கள். பூட்டு மட்டும் நல்லதாக ஊரிலேயே வாங்கு. வாசல் கடைப் பூட்டு ஹேர்பின்னுக்கே திறந்துவிடும்.