என்னைப் பற்றி எழுதிய பிரான்ஸ் செய்தித்தளம் என் பதிலைப் போட்டே ஆக வேண்டுமா? அப்படிக் கட்டாயப்படுத்துவது கருத்துச் சுதந்திரத்தில் கைவைப்பது ஆகாதா?

போட்டே ஆக வேண்டும். எழுதியது பொய்யாகவோ அவதூறாகவோ இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உங்கள் பெயர் வந்திருந்தாலோ, பெயர் இல்லாமலே ஆள் நீங்கள்தான் என்று புரிந்தாலோ போதும். பிரான்ஸின் 2004 ஜூன் சட்டம் இந்தப் பதில் உரிமையைத் தருகிறது. நடைமுறை 2007 அக்டோபர் அரசாணையில் இருக்கிறது.

கட்டுரை தளத்தில் ஏறிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கேட்க வேண்டும். நீங்கள் எப்போது பார்த்தீர்கள் என்பது கணக்கில்லை. வெளியீட்டுப் பொறுப்பாளருக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்புங்கள். எந்தக் கட்டுரை, எந்த வரிகளில் ஆட்சேபம், போட வேண்டிய பதில் என்ன, மூன்றும் அதில் இருக்க வேண்டும். பதில் மூலக் கட்டுரையைவிட நீளக்கூடாது. உச்சவரம்பு 200 வரி. கையில் கிடைத்த 3 நாளுக்குள் அவர் போடாவிட்டால் 3,750 யூரோ வரை அபராதம். கட்டுரை தளத்தில் இருக்கும்வரை பதிலும் இருக்க வேண்டும்.

பலரும் சறுக்குவது பதிலின் வாசகத்தில்தான். ‘உங்கள் நிருபர் காசு வாங்கிக்கொண்டு எழுதினார்’ என்று கோபத்தில் ஒரு வரி சேர்த்தால் போச்சு. நிருபரின் மானத்தைத் தொடும் பதிலை முழுவதுமாக நிராகரிக்கலாம். அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டு மீதியைப் போடும் வேலை ஆசிரியருடையது அல்ல. திருத்தி அனுப்புவதற்குள் 3 மாதக் கெடு தாண்டிவிடக்கூடும். இன்னொன்று: வாசகர்கள் அங்கேயே நேரடியாகப் பதிலிட வசதி உள்ள இடத்தில் இந்த நடைமுறையே பொருந்தாது.

கருத்துச் சுதந்திரம் பற்றிய கேள்விக்கு வருவோம். ஃப்ளோரிடாவில் 1913-லிருந்து இருந்த இப்படியொரு சட்டத்தை, மயாமி ஹெரால்டு பத்திரிகை வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974-இல் ஒருமனதாகத் தூக்கி எறிந்தது. இரண்டு காரணம்: அச்சுச் செலவும் இடமும் பத்திரிகையின் தலையில் விழுகின்றன, எதைப் போடுவது என்பது ஆசிரியரின் முடிவு. முதல் காரணத்துக்கு இணையத்தில் அவ்வளவாக வேலையில்லை. இரண்டாவது அப்படியே நிற்கிறது.

ஐரோப்பிய நாடுகளின் மனித உரிமை அமைப்பான ஐரோப்பிய கவுன்சில் 2004 டிசம்பரில் தந்த பரிந்துரை தவறான தகவல்களுக்கு மட்டும் பதில் உரிமை கேட்கிறது. ஜெர்மனியிலும் தகவலுக்குத்தான் உண்டு, அபிப்பிராயத்துக்கு இல்லை. நியாயமான எல்லை அதுதான் என்பது என் கருத்து. பிரான்ஸ் விதியில், சரியான தகவலோடு எழுதிய கறாரான விமர்சனத்துக்கும் பதில் போட வேண்டியிருக்கிறது. பெரிய பத்திரிகைக்கு வக்கீல் இருப்பார். தனியாளாகத் தளம் நடத்துபவர் அந்த 3 நாளுக்குப் பயந்து கட்டுரையையே எடுத்துவிடக்கூடும்.